மாப்பிள்ளைக்கு ஒரு பாஸ்

ஒரு கொரியாக்காரன் சொந்த நாட்டை விட்டு வெளியே போய்ப் பிழைக்க என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று என்னைக் கேட்டால், அடுப்பில் பால் பொங்குவதற்குள் சொல்லி முடித்துவிடுவேன். நான் குடிநுழைவு அதிகாரி இல்லை. இங்கே மலேசியாவில், அலோர் காஜா என்ற ஊரில் ஒரு தனியார் கிளினிக்கின் கவுண்டரில் உட்கார்ந்து நோயாளிகளைப் பதிவு செய்கிறவள். இந்த அறிவெல்லாம் என் மகள் கொண்டுவந்து கொடுத்தது. செங் வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனவள், அங்கே மிஷின்களைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த கொரிய இன்ஜினியர் ஒருவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று வந்து நின்றாள்.

நாங்கள் சந்தோஷப்பட்டோம் என்று எழுதினால் என் கணவரே சிரிப்பார். அவர் அதே தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ்ஸை ஓட்டுகிறவர். "என் பஸ்ஸுல ஏத்திக்கிட்டுப் போய் நானே வாசல்ல எறக்கி விட்டிருக்கேன்" என்று கொஞ்ச நாள் புலம்பிக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் பையன் வீட்டுக்கு வந்தான். செருப்பைக் கழற்றி ஓரமாக நேரே வைத்தான். இடுப்பு வரை குனிந்து வணங்கினான். போதும் என்று சொல்லத் தெரியாமல் இட்லியை வாங்கி வாங்கிச் சாப்பிட்டான். அவன் போன பிறகு இவர், "நம்ம பையனுங்கள்ல எவன் இப்படிக் குனியறான், சொல்லு" என்றார். எதிர்ப்பு அத்தோடு முடிந்தது. அம்மா, அப்பா என்கிற வார்த்தைகள் அவர்கள் பாஷையிலும் இருக்கின்றன என்று வந்தவர் போனவர் எல்லாம் என்னிடம் தகவல் சொன்னார்கள். எல்லாரும் தாங்களே கண்டுபிடித்த மாதிரி சொன்னதால் நானும் ஒவ்வொரு முறையும் ஆச்சரியப்பட வேண்டியிருந்தது.

எனக்கு இருந்தது ஒரே பயம். எங்களுக்கு ஒரே பிள்ளை. இவன் ஒருநாள் அவளைத் தன் நாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவான். சாதி, மதம், சாப்பாடு என்று மற்றவர்கள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது நான் விமான டிக்கெட்டைப் பற்றித்தான் கவலைப்பட்டேன். அவனிடமே கேட்டுவிட்டேன். இங்கேதான் இருப்பேன், வேலை இங்கேதானே என்றான். நான் நம்பினேன். வேலை என்பது அவன் கையில் இல்லாத சங்கதி என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் இரண்டு தடவை நடக்கும். முதலில் பதிவு அலுவலகத்தில் கையெழுத்து. சில மாதம் கழித்துக் கோயிலிலோ மண்டபத்திலோ தாலி. நடுவில் இருக்கும் காலத்தில் பையன் அவன் வீட்டில் இருப்பான், பெண் அவள் வீட்டில் இருப்பாள். சட்டத்துக்கு அவர்கள் புருஷன் பெண்டாட்டி, எங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகாதவர்கள். இதில் யாருக்கும் குழப்பம் வந்ததே இல்லை. கையெழுத்துப் போட்டாயிற்றே என்று தாலிக்கு முன்னால் யாராவது ஒரே வீட்டில் குடியேறினால், அந்தச் செய்தி தாமான் என்று நாங்கள் சொல்லும் குடியிருப்பு முழுக்கச் சுற்றிவிட்டு அவர்கள் சாமான் இறக்குவதற்குள் அவர்கள் வீட்டு வாசலுக்கே திரும்பி வந்துவிடும்.

எங்கள் வீட்டிலும் கையெழுத்து ஆனது. அடுத்த மாதமே என் கணவரின் அண்ணன், லூபோக் சீனா என்ற பக்கத்து ஊரில் இருந்தவர், காலமாகிவிட்டார். வருஷம் திரும்பாமல் நல்ல காரியம் எதுவும் கிடையாது என்று இவர் சொல்லிவிட்டார். ஆகவே பையன் செங்கில் வாடகை வீட்டிலும் பெண் எங்களோடும் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வருவான். ஹாலில் அவன் ஒரு நாற்காலியில், அவள் ஒரு நாற்காலியில், நடுவே இவர். அவள் தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போனால் அவன் எழுந்திருப்பதற்குள் இவருக்கும் தாகம் எடுத்துவிடும். சர்க்கரை வியாதியோ என்று நான்கூடச் சந்தேகப்பட்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் தொழிற்சாலை அவன் பார்த்துவந்த பிரிவை வியட்நாமுக்கு மாற்றப்போவதாகச் சொன்னது. அவனுடைய வேலை பாஸ், அதாவது இங்கே தங்கி வேலை செய்யும் அனுமதி, கம்பெனியோடு ஒட்டியது. கம்பெனி விட்டால் பாஸும் போய்விடும். அடுத்த மாதக் கடைசிவரைதான் கெடு.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் மடிக்கணினியோடு வந்தான். ஆங்கிலமும் தொழிற்சாலையில் கற்ற மலாயும் கலந்து ஒவ்வொன்றாக விளக்கினான். என் மகள் மொழிபெயர்த்தாள். வேறு கம்பெனி எடுத்தால் அவர்கள் புதிதாகப் பாஸ் கேட்கலாம். ஆனால் இரண்டு இடத்தில் போய்ப் பார்த்துவிட்டான், உள்ளூர் ஆள்தான் வேண்டுமாம். ஆஸ்திரேலியாவுக்கு ஒரு விசா உண்டு. அவன் நாட்டு இளைஞர்கள் அதில் போய் ஊர் சுற்றிக்கொண்டே வேலையும் செய்வார்கள். அதற்கு அவன் வயது தாண்டிவிட்டது.

"அங்க என்ன வேலை?" என்றார் இவர்.

"தோட்டத்துல பழம் பறிக்கிறதுப்பா" என்றாள் மகள்.

"என் தாத்தாவும் தோட்ட வேலைக்குத்தான் கப்பல் ஏறி வந்தாரு. அவரை யாரும் வயசு கேக்கல" என்றார் இவர்.

அடுத்தது இங்கேயே ஏதாவது கல்லூரியில் சேர்ந்து மாணவர் பாஸ் வாங்குவது. இருக்கலாம், ஆனால் இன்ஜினியர் வேலைக்குப் போக முடியாது. "தாலி கட்டிட்டு ஸ்கூல் பேக் மாட்டிக்கிட்டுப் போவாரா?" என்றார் இவர். அதற்கடுத்தது, வசதியுள்ள வெளிநாட்டுக்காரர்கள் இங்கே வந்து குடியேற ஒரு திட்டம். வங்கியில் போட்டு வைக்க வேண்டிய தொகையை மகள் சொன்னாள். இவர் எழுந்துபோய் மின்விசிறியை வேகமாக வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். இன்னொன்றும் இருக்கிறது என்றான் பையன். இங்கே படிக்கிற பிள்ளைக்குத் துணையாக இருக்கும் தாய் தகப்பனுக்கு ஒரு பாஸ் தருவார்களாம், அவன் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் அப்படி இருக்கிறார்களாம். அதற்கு முதலில் ஒரு பிள்ளை வேண்டும். இவர் இருமினார். "அடுத்தது என்னா?"

அடுத்தது கொரியா. மனைவியைக் கூட்டிக்கொண்டு போகலாம். அவனுக்கு அங்கே வருமானமும் வீடும் இருப்பதைக் காட்ட வேண்டும். அவளுக்கு ஓரளவு கொரிய மொழி தெரிந்திருக்க வேண்டும்.

"அதுக்கு எங்க போறது, அவளுக்குத்தான் தெரியாதே" என்றேன், நிம்மதியாக.

மகள் மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டு, "முதல் பரீட்சை பாஸ் பண்ணிட்டேன்மா. சும்மா பேசிக் லெவல்தான்" என்றாள்.

பல மாதமாக அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவள் கொரிய நாடகம் பார்க்கிறாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சத்தம் அப்படித்தான் கேட்டது. பிள்ளை நாடகம் பார்க்கிறது என்று தொந்தரவு செய்யாமல் கதவருகே டீ வைத்துவிட்டு வேறு வந்திருக்கிறேன்.

கடைசியாக இருந்தது மலேசியப் பெண்ணைக் கட்டியவனுக்குக் கிடைக்கும் பாஸ். மனைவி பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். வேலை செய்ய அனுமதியும் அதிலேயே கேட்கலாம். "இதை மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே! ஆஸ்திரேலியா வரைக்கும் போயிட்டு வராரு" என்றேன். எனக்குக் கோபம் வந்தால் அப்படித்தான், பயத்தையும் சேர்த்துக் கத்திவிடுவேன்.

விண்ணப்பம் போட்டோம். குடிநுழைவு அலுவலகத்தில் நேர்காணலுக்கு வரச்சொன்னது அவர்கள் இரண்டு பேரை. நம் ஆட்களில் இரண்டு பேரைக் கூப்பிட்டால் இரண்டு பேர் மட்டும் போகிற வழக்கம் கிடையாது. நாங்களும் போனோம். போகும் வழியிலேயே இவரிடம் சொன்னேன். நான் கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தே வயதானவள், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறவனுக்குத்தான் வேலை சீக்கிரம் முடியும், வயிற்று வலி என்று வந்தால் வயிற்று வலி என்று சொல்ல வேண்டும், அத்தை மகன் கல்யாணத்தில் சாப்பிட்டது முதல் ஆரம்பிக்கக் கூடாது என்றேன். "எனக்குத் தெரியாதா, லா?" என்றார்.

அதிகாரி ஒரு மலாய்க்காரப் பெண்மணி. என்னைவிடக் கொஞ்சம் இளையவர். மகளையும் பையனையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். சிரித்த முகமாகத்தான் அனுப்பினார். பிறகு வெளியே எட்டிப் பார்த்து, அப்பா அம்மா வந்திருக்கிறார்களா, அவர்களும் வரட்டும் என்றார். வராமல் இருந்திருந்தால் கூப்பிட்டிருக்க மாட்டார்.

"இரண்டு பேரும் எங்கே இருக்கிறார்கள், அங்கிள்?" என்று மலாயில் கேட்டார்.

"அவர் செங்கில் இருக்கிறார், புவான். மகள் எங்கள் வீட்டில்" என்றார் இவர். புவான் என்றால் மலாயில் மேடம்.

"வேலைக்காகவா?"

"இல்லை புவான். பெலும் காவின்."

இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்கிறார். அதிகாரி மேசையில் இருந்த கல்யாணச் சான்றிதழைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். மறுபடி சான்றிதழைப் பார்த்தார்.

"இது என்ன, அங்கிள்?"

"அது ரிஜிஸ்டர்தான், புவான்."

நான் மேசைக்கடியில் இவர் காலை மிதித்தேன். இடம் போதாமல் மிதிக்கிறேன் என்று நினைத்துக் காலை நகர்த்தி வைத்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு தகப்பன் தன் பெண்ணைப் பற்றிச் சொல்லக்கூடிய மிக உயர்ந்த வார்த்தையைச் சொன்னார். "நான் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறேன், புவான். இரண்டு பேரையும் ஒரு நாள்கூடத் தனியாக விட்டதில்லை. நீங்கள் எங்கள் தாமானில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்."

பாஸுக்காகப் பொய்க் கல்யாணம் செய்துகொள்கிறவர்களைப் பிடிப்பதற்காக உட்கார வைத்திருக்கும் ஓர் அதிகாரியிடம், என் வீட்டுக்காரர் தாமாக முன்வந்து, சாட்சியோடு, எங்கள் மகள் அந்த ஆளோடு ஒரு நாளும் குடித்தனம் செய்ததில்லை என்று நிரூபித்துக்கொண்டிருந்தார். நான் குறுக்கிட்டுத் தாலியைச் சொன்னேன், இவருடைய அண்ணன், பெரியவர், இறந்ததைச் சொன்னேன், வருஷம் திரும்புவதைச் சொன்னேன். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டார்.

"எனக்குப் புரிகிறது, ஆன்ட்டி. என் பக்கத்து வீட்டுக்காரர்கள் இந்தியர்கள்தான். ஆனால் இதை நான் மேலே அனுப்பினால் அங்கே இருப்பவருக்கு என்ன தெரியும்? இரண்டு விலாசம். அப்பாவே கல்யாணம் ஆகவில்லை என்கிறார்." கோப்பை மூடி ஓரமாக வைத்தார். நிராகரிக்கவில்லை. இப்போதைய பாஸ் முடிவதற்குள் இவர்கள் புருஷன் பெண்டாட்டியாக வாழ்கிறார்கள் என்பதற்கு ஏதாவது ஆதாரத்தோடு வாருங்கள் என்றார்.

காரில் திரும்பும்போது, ஆயர் கெரோவைத் தாண்டியதும் இவர், "நான் என்ன தப்பா சொல்லிட்டேன்?" என்றார். பின் இருக்கையிலிருந்து பையன், "பெத்துல், அப்பா" என்றான். சரிதான் என்கிறான். அவனைக் கட்டிக்கொண்டு அழுவதா, கதவைத் திறந்து இறக்கிவிடுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பையனை எங்களோடு தங்க வைத்துவிடலாம் என்று நான் சொன்னேன். தாலி இல்லாமல் ஒரே கூரைக்குக் கீழே என் பெண்ணா என்றார் இவர். அப்படியானால் தாலியை இப்போதே கட்டிவிடலாம் என்றேன். அண்ணன் போய் வருஷம் திரும்பவில்லை, அண்ணி முகத்தில் எப்படி முழிப்பேன் என்றார். இரண்டுக்கும் நடுவில் வழி எதுவும் இல்லை. அவருக்கும் அது தெரிந்திருந்தது, கண் சிவந்திருந்தது. மகள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்.

"பரவாயில்லப்பா. நாங்க அடுத்த மாசம் கொரியா போறோம். இங்க வருஷம் திரும்பறப்போ வந்து தாலி கட்டிக்கிறோம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். சமாதானமாகச் சொன்னாள். எங்களுக்கு உதவி செய்கிற மாதிரி சொன்னாள்.

மறுநாள் கிளினிக்கில் அரை நாள் லீவு போட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு லூபோக் சீனாவுக்குப் போனேன். செத்துப்போன பெரியவரின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்ல சத்தத்தைக் குறைக்கவே இல்லை. கேட்கிறாரா இல்லையா என்றே தெரியாமல் முழுக் கதையையும் கத்திச் சொல்லி முடித்தேன். விளம்பரம் வந்ததும் திரும்பினார்.

"அது சரி. இத்தன நாளா நிறுத்தி வச்சிருந்தீங்களே, என்னை யாராச்சும் ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"இல்லக்கா. உங்க மனசு..."

"என் மனசுல என்னா இருக்குன்னு என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. உம் புருஷன் பாட்டுக்கு அண்ணன் அண்ணன்னு அங்க உக்காந்துக்கிட்டு இருக்கான். இவரு போனதுக்கு நான் அழுவுறது பத்தாதா, கொரியாக்காரன் வேற வந்து அழுவணுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. அவருக்கு அது சிரிப்பிலேயே நிற்கவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நன்றாக அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். விளம்பரம் முடிந்து நாடகம் மறுபடி தொடங்கியபோது முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இங்கயே நம்ம கோயில்ல வைங்க. அங்க மண்டபம் கிண்டபம்னு அலையாதீங்க" என்றார்.

கோயிலில் ஒரு வார நாள் காலைதான் கிடைத்தது. ஆள் அதிகம் இல்லை. பையன் வேட்டிக்கு மேல் பெல்ட் போட்டுக்கொண்டு நின்றான், அவிழ்ந்துவிடும் என்று பயமாம். அக்கா பின்னால் ஒரு தூணோரம் உட்கார்ந்தார். முன்னால் வாங்க என்று நான் போய்க் கையைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. சாப்பாட்டின்போது மட்டும் முன்வரிசைக்கு வந்து, சாம்பாரில் புளி போதவில்லை என்றார்.

பையனின் அம்மா வர முடியவில்லை. அவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. புருஷன் இல்லை. அவருடைய மகளும் கனடாவில் குடியேறிவிட்டாள். ஆகவே கல்யாணத்தைக் கைப்பேசியில் பார்த்தார். கைப்பேசியைப் பிடிக்கும் பொறுப்பு என்னுடையது. தாலி ஏறியபோது நான் மணமேடையைப் பார்க்கவில்லை, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் நல்ல உடை உடுத்தி, தலை வாரி, தன் வீட்டு மேசை முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தார். பின்னால் சுவரில் ஒரு கடிகாரம் மட்டும் தெரிந்தது. அழ ஆரம்பித்தார். சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்து, ஆனந்தக் கண்ணீர் என்றார்கள். என் பிள்ளை என்னோடு இருக்க வேண்டும் என்று நான் கிளினிக்கில் லீவு போட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்த அத்தனை நாளும், அது நடந்தால் அவர் பிள்ளை அவரோடு இருக்க மாட்டான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. எங்களுக்குள் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. கைப்பேசியை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோய் அவர் மகன் முகம் நன்றாகத் தெரியும்படி பிடித்தேன். கை வலித்தது, மாற்றிக்கொள்ளவில்லை.

இரண்டாவது முறை குடிநுழைவு அலுவலகத்துக்குப் போனபோது, அவர்கள் செங்கில் ஒன்றாகக் குடியிருந்தார்கள். இவர் ஆதாரம் கொண்டுவந்திருந்தார். ஆல்பம் இன்னும் வரவில்லை என்பதால் கல்யாண வீடியோவைக் கைப்பேசியில் வைத்திருந்தார். கேட்பதற்கு முன்பே அதை அதிகாரி முன்னால் வைத்துத் தட்டிவிட்டார். நாதஸ்வரமும் மேளமும் அந்த அலுவலகம் முழுக்கக் கேட்டன. வெளியே நம்பர் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து பார்த்தார்கள். அதிகாரி தாலி கட்டுகிற இடம்வரை பார்த்தார். "சூடா காவின்" என்றார் இவர். கல்யாணம் ஆகிவிட்டது. "தெரிகிறது, அங்கிள்" என்றார் அந்த அம்மாள்.

எழுதிக்கொண்டே என் மகளிடம் சாதாரணமாகக் கேட்டார். "இது கிடைக்காமல் போயிருந்தால் என்ன செய்திருப்பாய்?"

"அவரோடு போயிருப்பேன், புவான்" என்றாள் என் மகள். யோசிக்கவே இல்லை. நான் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். "அவர் அம்மா தனியாக இருக்கிறார். எப்படியும் ஒருநாள் போக வேண்டியதுதான்."

அதிகாரி பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். அவருக்கும் பிள்ளைகள் இருக்க வேண்டும். நான் கைப்பையைத் திறந்து எதையோ தேடினேன். என்ன தேடினேன் என்று இப்போதும் தெரியாது.

பாஸ் வந்தது. ஒரு வருஷத்துக்கு. அதன்பின் மறுபடி கேட்க வேண்டும், கொடுத்தால் உண்டு. மாப்பிள்ளைக்கு ஒரு வருஷம் கிடைத்துவிட்டது என்று இவர் அன்றைக்கே பஸ்ஸில் ஏறிய அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டார். கிளினிக்கிலும் கேட்டார்கள். ஆமாம், அவனுக்கு ஒரு வருஷம் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் நானும் சொன்னேன். கொடுத்தது எனக்கு என்று சொல்லவில்லை.